நான் நீக்கிய பக்கம்

நெடுஞ்சாலைகளில் மின்கார்களுக்கான ஃபாஸ்ட் சார்ஜரை எங்கே வைக்கலாம் என்று சொல்வது சில ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது. சென்னைக்குத் தெற்கே உள்ள சாலைகள் என் பொறுப்பு. நான் கையெழுத்திட்ட அறிக்கை போன பிறகுதான் நிலத்துக்காரரிடம் ஒப்பந்தம் பேசுவார்கள், ஈ.பி.யில் லோடு கேட்பார்கள், கருவிக்கு ஆர்டர் போடுவார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. நான் எழுத வந்தது என் பங்கை மட்டும்.

அந்த அறிக்கைகளில் பலவற்றை நான் பொய்யாக எழுதினேன். இல்லாத எண்ணைப் புகுத்தியதில்லை. அந்த அளவுக்குத் துணிச்சல் கிடையாது. போகாத இடத்துக்குப் போனதாகத் தேதி போட்டேன். பகல் 12 மணிக்குப் பார்த்த இடத்தை இரவில் பாதுகாப்பானது என்று டிக் அடித்தேன். கீழே வேலை பார்த்த பையன் கொண்டுவந்த உண்மையை, என் படிவத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லி நீக்கினேன். அறியாமல் செய்தது என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது. எழுதும்போதே தெரியும்.

ஆசை ஒரு காரணம். சைட் ஒன்று மின் இணைப்பு வாங்கி ஓட ஆரம்பித்தால் எனக்கு ஊக்கத்தொகை. அது எந்த ஊரில் ஓடுகிறது என்பதற்கு ஊக்கத்தொகையில் வித்தியாசம் இல்லை. ஆகவே எது சீக்கிரம் ஓடுமோ அதையே தேடினேன். இடம் தயாராக இருக்க வேண்டும், பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரில் லோடு மிச்சம் இருக்க வேண்டும், கழிப்பறையும் காபியும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பது நெடுஞ்சாலை ஓட்டல்களில்தான்.

சென்னையிலிருந்து விடிகாலையில் தெற்கே கிளம்புகிறவர் காலைப் பலகாரத்துக்கு எங்கே நிறுத்துவார்? பெரும்பாலும் மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம். சென்னையிலிருந்து 80, 90 கிலோமீட்டர். வீட்டில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுக் கிளம்பிய வண்டியில் அங்கே பாதிக்கு மேல் மீதி இருக்கும். 2020இல் வந்த முதல் நெக்ஸான் ஈவியையே எடுத்துக்கொள்ளுங்கள். 30.2 யூனிட் பேட்டரி. காகிதத்தில் 312 கிலோமீட்டர். ஏசி போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் 180, 200. அந்த வண்டிக்கு முதல் சார்ஜ் தேவைப்படுவது விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் இடையில். அங்கே 80 சதவீதம் வரை ஏற்றினால் திருச்சி வரும். திருச்சியில் இன்னொரு முறை ஏற்றினால் மதுரை. 80க்கு மேல் ஏற்றிக்கொண்டு நிற்பது வீண். பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரம் வாங்கும் வேகத்தைக் குறைத்துவிடும், பின்னால் நிற்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மதுராந்தகம் சுற்றுவட்டாரத்தில் இடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இட்லி சாப்பிடுகிற 20 நிமிஷத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள், கருவி ஓடியதாகக் கணக்கு காட்டும். அவர்கள் பயணத்துக்கு அந்தச் சார்ஜ் தேவைப்பட்டதா என்று கணக்கில் ஒரு கட்டம் கிடையாது.

அதே ஊர்களில் சார்ஜர் உண்மையாகவே வேண்டும், ஆனால் சாலையின் எதிர்ப்பக்கத்தில். ஞாயிறு சாயங்காலம் தெற்கேயிருந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிக்குக் கடைசி 80 கிலோமீட்டரைக் கடக்க ஒரு 10, 15 நிமிஷச் சார்ஜ் கிடைத்தால் போதும். அந்த நேரத்தில் மீதம் 15 சதவீதம், பின்சீட்டில் தூங்கிவிட்ட குழந்தைகள், முன்னால் சுங்கச்சாவடி நெரிசல். நடுவே தடுப்புச்சுவர் உள்ள நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கத்துச் சார்ஜர் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. திரும்பும் இடம் தேடி முன்னால் போய்ச் சுற்றி வரவேண்டும், சார்ஜ் போட்ட பிறகு மறுபடி சுற்ற வேண்டும். சிலர் அவசரத்தில் எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டி வருவார்கள். அந்த ஆபத்துக்கு இடம் பார்த்தவனும் பொறுப்பு.

மத்திய மின்சார அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று, சாலையின் இருபுறமும் என்று தெளிவாக இருந்தது. கனரக வண்டிகளுக்கும் நெடுந்தூரம் ஓடுபவற்றுக்கும் 100 கிலோமீட்டருக்கு ஒரு ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையம், அதுவும் இருபுறமும். நான் அனுப்பிய வரைபடங்களில் ஒருபுறத்துப் புள்ளியை இருபுறத்துக்கும் சேர்த்து எண்ணினேன். இடைவெளி பாதியாகக் குறைந்து அழகாகத் தெரிந்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தடுப்புச்சுவரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களும் என்னைப் போல டீசல் காரில் போகிறவர்கள்தான்.

ஆம், சொல்ல மறந்துவிட்டேன். அந்த வேலையில் இருந்தவரை நான் ஒரு மின்காரில் வெளியூர் போனதில்லை. சர்வேக்குப் போனது நிறுவனத்தின் டீசல் வண்டியில்.

இனி ராமநாதபுரம்.

எங்கள் தொழிலில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: யூட்டிலைசேஷன். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் கருவி எத்தனை சதவீத நேரம் ஓடுகிறது என்ற கணக்கு. புதிய இடத்துக்கு அந்த எண் இருக்காது அல்லவா? அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். அந்தச் சாலையில் தற்போது போகும் மின்கார்களை எண்ணு. அதிலிருந்து எதிர்கால ஓட்டத்தைக் கணக்கிடு. கேட்க அறிவியல் போல இருக்கும். சார்ஜர் இல்லாத சாலையில் மின்காரை யார் கொண்டுவருவார்? பந்தியே போடாத வீட்டில் இலையை எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே யாருக்கும் பசியில்லை என்று எழுதுகிற வேலை அது. அதைத்தான் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருந்தேன்.

மதுரை–தனுஷ்கோடி சாலைக்கு சர்வே எடுக்கச் சொன்னார்கள். நான் மதுரையில் அறை போட்டுக்கொண்டு, என் கீழிருந்த பையனை அனுப்பினேன். அந்தப் பக்கத்துப் பையன், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவன். திரும்பி வந்தபோது படிவத்தோடு கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளையும் வைத்தான். பரமக்குடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ராமேஸ்வரம் போகும் கார்களை எண்ணியிருந்தான். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று நம்பர் பிளேட் வாரியாகக் கோடு கிழித்து, சொந்த வண்டி, வாடகை வண்டி என்று பிரித்து.

"இது எதுக்கு தம்பி? நமக்கு ஈவி கணக்குதானே வேணும்?"

"ஈவி எப்படி சார் வரும்? மாட்ட இடம் இல்லையே. வர்ற மத்த வண்டியையாவது எண்ணுவோம்னு எண்ணிட்டேன். ஆடி அமாவாசைக்கு ஒரு தடவ வந்து பாருங்க சார், ராம்நாடு தாண்டி வண்டி நகராது."

தாளின் அடியில் ஒரு கூட்டல் போட்டிருந்தான். மதுரையிலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். அங்கிருந்து பாம்பன் பாலம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி 75. திரும்பி ராமநாதபுரம் 75. மறுபடி மதுரை 115. ஆகமொத்தம் 380. சிறிய பேட்டரி வண்டியும் போய்த் திரும்பலாம், ஒரே நிபந்தனை: ராமநாதபுரத்தில் போகும்போது ஒரு சார்ஜ், வரும்போது ஒரு சார்ஜ். அந்த இடத்தில் இல்லையென்றால் பயணமே இல்லை. கிளம்பிய இடத்திலிருந்து தனுஷ்கோடி வரை போய்விடலாம், திரும்ப முடியாது. மூன்று ஆண்டு அனுபவம் உள்ள எந்தப் பொறியாளரும் அந்தச் சாலையைப் பற்றி இதைவிடச் சரியாக ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

நான் அந்தப் பக்கத்தை அறிக்கையில் சேர்க்கவில்லை. எங்கள் எக்செல் படிவத்தில் மின்காரைத் தவிர வேறு வண்டிக்குப் பத்தி இல்லை. புதிதாகப் பத்தி போட்டால் மேலே கேள்வி வரும். கேள்வி வந்தால் நான் அங்கே போக வேண்டியிருக்கும். நான் போகவில்லை என்பது தெரிந்துவிடும். "தற்போது தேவை இல்லை, பிறகு மறு ஆய்வு செய்யலாம்" என்று எழுதி, நேரில் பார்த்ததாகக் கையெழுத்திட்டேன்.

மின்சாரம் கிடைக்காத மாவட்டம் என்று காரணம் சொல்லவும் வழியில்லை. 2016இல் கமுதியில் திறக்கப்பட்ட 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இதே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நாங்கள் வைக்கும் கருவி 60 கிலோவாட். அதாவது ஒன்றரை கிலோவாட் ஏசி 40 ஒரே நேரத்தில் ஓடுகிற அளவு. தெருவில் ஏற்கெனவே திணறும் டிரான்ஸ்ஃபார்மரில் அதை ஏற்ற முடியாது என்பது உண்மை. புது டிரான்ஸ்ஃபார்மருக்குப் பணம் கட்ட வேண்டும், எஸ்டிமேட் வரக் காத்திருக்க வேண்டும். உலர்ந்த மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டும், இல்லையென்றால் கார் மின்சாரத்தை வாங்க மறுத்துவிடும். இவையெல்லாம் செய்யக்கூடிய வேலைகள்தான். செய்தால் என் ஊக்கத்தொகை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து ஓர் அழைப்பை எனக்குத் திருப்பிவிட்டார்கள். மதுரையில் கடன் வாங்கி மின்கார் எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். "சார், ராமேஸ்வரம் சவாரி வந்தா வேணாம்னு சொல்லிர்றேன். மதுரைக்காரனுக்கு ராமேஸ்வரம் சவாரி இல்லைன்னா என்ன சார் வண்டி? ஒரு தடவ தைரியமாப் போனேன். லாட்ஜுல 15 ஆம்ப்ஸ் பிளக்குக் கேட்டா ரூம் வாடகைக்கு மேல காசு கேக்குறாய்ங்க. ராத்திரி பூரா மாட்டி வெச்சிட்டு வண்டிக்குள்ளேயே படுத்துக் கெடந்தேன்." அந்த பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் சொச்சம் ஏறும். 30 யூனிட் பேட்டரிக்கு இரவு முழுக்க வேண்டும்.

"உங்க ரூட் பரிசீலனைல இருக்குண்ணே" என்றேன். எந்தப் பரிசீலனையிலும் இல்லை. பரிசீலனைக்கு வராதபடி செய்தவனே நான். அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தத் தாளை நீக்கியதில் ராமநாதபுரம் மட்டும் விடுபடவில்லை, ஒரு பெரிய விஷயமும் விடுபட்டது. நம் மக்கள் குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் போவது எதற்கு? விடுமுறைச் சுற்றுலா ஒருபுறம் இருக்கட்டும். ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்க, திருச்செந்தூருக்கு மொட்டை போட, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, நாகூர் தர்காவுக்கு, பழனிக்கு, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கு. இந்தப் பயணங்களுக்குப் பஞ்சாங்கத்தில் தேதி இருக்கிறது. எந்த நாள் எந்தச் சாலை நிரம்பும் என்று பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே தெரியும். எங்களிடம் இருந்ததோ சராசரி. ஆண்டு முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வரிசை கட்டுகிற இடம், சராசரியில் நஷ்டக் கணக்காகத்தான் தெரியும். பொங்கலுக்கு முந்தின இரவு உளுந்தூர்பேட்டையில் மின்கார்கள் வரிசையில் நின்றாலும், மாதக் கடைசியில் அது ஒரு சிறு சதவீதமாகச் சுருங்கி என் மேசைக்கு வரும். நான் அதைச் சிவப்பில் நிறமிட்டு "கூடுதல் கன் (காரில் மாட்டும் முனை) தேவையில்லை" என்று அனுப்புவேன்.

மலையில் செய்தது இன்னும் வெட்கக்கேடு. மலைவாசத் தலம் ஒன்றில் ஒரு விடுதிக்காரர் தன் வாகன நிறுத்தத்தில் ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டும் என்றார். சார்ஜர் இருந்தால் விடுதிக்கு விளம்பரம். வார இறுதிக்குக் குடும்பத்தோடு வந்து இடத்தைப் பாருங்கள் என்றார். போனேன். நல்ல அறை, சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. கிளம்பும்போது பில் கேட்டேன், அவர் சிரித்தார், நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அறிக்கையில் "மிகவும் பொருத்தமான இடம்" என்று எழுதினேன். மலைமேல் கருவியையும் கேபிளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய் வைக்க ஆன செலவில் அடிவாரத்தில் தாராளமாக வைத்திருக்கலாம். அங்கேதான் அது தேவையும்கூட.

ஏன் என்று சொல்கிறேன், மின்காரில் கொடைக்கானல் போகிற எண்ணம் உள்ளவர்களுக்கு உதவும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்; உயரத்தில் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் வித்தியாசம். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஏறக்குறைய 9 யூனிட் செலவாகும். சாலையில் உருண்டு போகிற செலவு அதற்கு மேல். இரண்டையும் கூட்டினால் 30 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. ஆகவே ஏறுவதற்கு முன்னால், வத்தலக்குண்டிலோ சுற்றியோ, வேகமாக ஏற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தவர் எப்படியும் ராத்திரி தங்குவார். அவருக்கு ஃபாஸ்ட் சார்ஜர் எதற்கு? விடுதிச் சுவரில் ஒழுங்காக எர்த் செய்த ஒரு 15 ஆம்ப்ஸ் பிளக், முடிந்தால் 7 கிலோவாட் பெட்டி, அது போதும். முழுக்க ஏற்றவும் கூடாது. இறங்கும்போது வண்டியின் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அதை வாங்க இடம் இருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் சாதாரணப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும். வால்பாறைக்கும் இதே கணக்குதான், 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் பொள்ளாச்சியிலோ ஆழியாறிலோ சார்ஜர் வேண்டும். ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்தில். மேலே ஒவ்வொரு விடுதியிலும் பிளக். பில் கேட்டு நின்ற அந்தக் காலையில் இது எனக்குத் தெரியாமல் இல்லை.

பாதுகாப்புக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிவத்தில் "பெண் பயணிகள் இரவில் தனியாகக் காத்திருக்கத் தக்க இடமா?" என்று ஒரு கேள்வி உண்டு. நான் சர்வேக்குப் போன இடங்களில்கூட, வெயிலில் நின்று பார்த்துவிட்டு "ஆம்" போட்டேன். பெட்ரோல் பங்குகளில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பின்னால், காற்றடிக்கிற இடத்தையும் தாண்டி, லாரிகள் நிறுத்தும் மூலை. பகலில் அது வசதியான காலியிடம். இரவு 10 மணிக்கு விளக்கு இல்லாமல் அங்கே அரைமணி நேரம் கார்க் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது கூட்டத்தில் ஒரு பெண் பொறியாளர் எழுந்து சொன்ன பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. உறைத்த பிறகும் பழைய படிவங்களை நான் திருத்தவில்லை.

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் மேல் போட்டுவிடலாம், எளிது. எண்ணிக்கைதான் அங்கேயும் பேச்சு. மின்வாகனங்களுக்கு உதவும் மத்திய அரசின் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், 2023 மார்ச்சில், மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 ஃபாஸ்ட் சார்ஜிங் நிலையங்களுக்காக 800 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அடுத்து வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜருக்கு மட்டும் 2,000 கோடி. பணம் இருக்கிறது. எத்தனை என்று கேட்கிற அளவுக்கு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது என்னை விடுவிக்காது. எங்கே என்று கேட்பதற்காகத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நார்வேயில் தலைகீழாகச் செய்தார்கள். முக்கியச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒரு இடம் என்று முதலில் இடைவெளியைத் தீர்மானித்துவிட்டு, அங்கே வைக்கிறவர்களுக்கு அரசு உதவித்தொகை என்று 2015இல் அறிவித்தார்கள். அப்படியும் வடகோடியில், ஆள்நடமாட்டம் குறைந்த ஃபின்மார்க் பகுதிக்குத் தொடக்கத்தில் ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. வணிகக் கணக்கு எங்கேயும் ஒன்றுதான், ராமநாதபுரத்துக்கு வராதது போலவே ஃபின்மார்க்குக்கும் வராது. அங்கே அந்த இடைவெளி அரசின் கண்ணில் குறையாகத் தெரிந்தது. இங்கே நான் அதை "தேவை இல்லை" என்று பெயரிட்டு மறைத்தேன். 2024இல் நார்வேயில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்கார்.

நீக்கிய பக்கத்தை எழுதிய பையன் சில மாதங்களில் வேலையை விட்டுப் போனான். என்னால்தான் என்று அவன் சொல்லவில்லை. போகிற அன்று வழக்கம்போல "வர்றேன் சார்" என்றான். அவன் எண் என் கைபேசியில் இருக்கிறது. இதுவரை கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடுகிறது, அதாவது வரவழைத்துக்கொள்கிறேன்.

நானும் இப்போது அந்த வேலையில் இல்லை. யாராவது இன்று என்னிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து எங்கே வைக்கலாம் என்று கேட்டால், முதலில் ராமநாதபுரத்தில், ஒன்றுக்கு இரண்டாக, ஒன்று பழுதானாலும் பயணம் நிற்காதபடி. பிறகு கிழக்குக் கடற்கரையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே தூத்துக்குடி வரையிலான நீளத்தில், மணமேல்குடி, தொண்டி, சாயல்குடி பக்கம். அங்கே பெரிய ஓட்டல் கிடையாது, ஆகவே என்னைப் போன்றவர்கள் இறங்கிப் பார்ப்பதில்லை. தேனியிலிருந்து குமுளி ஏறுகிற வழியில் கம்பம். ராஜபாளையம் வழியாகத் தென்காசி, செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் நுழைகிறவர்களுக்கு மலை தொடங்கும் முன் ஓர் இடம். திருவண்ணாமலையைச் சுற்றி ஊருக்கு வெளியே, பௌர்ணமிக்குச் சாலையை மூடினாலும் எட்டுகிற இடத்தில். பெரிய நான்குவழிச் சாலைகளில் புதிதாகப் புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டு, இருக்கிற புள்ளிக்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் விளக்கு, கூரை, ஒரு ஆள். அதற்கு முன் அந்தந்தச் சாலையில் மின்கார் ஓட்டிக்கொண்டு ஒரு முறை போய்வந்தவர் கையெழுத்து.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சார்ஜர் நிலையம் சர்வரோடு பேசிக்கொண்டிருந்தால் போதும், எங்கள் திரையில் அது பச்சையாகத் தெரியும். கன் உடைந்திருக்கலாம், செம்புக்காகக் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கலாம், எர்த் போய்விட்டிருக்கலாம், வாயிலில் பெட்ரோல் பங்குக்காரர் லாரியை நிறுத்தியிருக்கலாம். திரைக்கு அது தெரியாது, அறையில் உட்கார்ந்திருக்கிறவனும் போய்ப் பார்க்க மாட்டான். நான் பார்த்ததில்லை. வேலை செய்யாத சார்ஜரைக் கண்டால் அடுத்த இடம் தேடி ஓடுவதற்கு முன் புகைப்படம் எடுத்து, செயலியில் புகார் போட்டுவிட்டுப் போங்கள். சார்ஜர் இல்லை என்பதால் ஒரு பயணத்தைக் கைவிட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள்: எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர். நீங்கள் எழுதாதவரை, என்னைப் போன்ற ஒருவன் உங்கள் சாலைக்கு நேரே "தேவை இல்லை" என்று எழுதிக்கொண்டே இருப்பான்.